அக்பர் பாஷாவின் கழுத்தும் ஆயிரம் முக்கோணங்களும்

ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகச் சொன்னால் அது கோயிலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே கம்ப்யூட்டர் இருக்க வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டிலும் திரை போட்டிருப்பார்கள், இரண்டிலும் உள்ளே போய்த் தொடுவதற்கு உரிமையுள்ளவர் ஒருவர்தான். கோயிலில் கேட்டது நடக்கவில்லை என்றால் நம்முடைய பாவம் என்பார்கள். இங்கே கரண்டின் பாவம் என்பார்கள். அவ்வளவுதான்.

‘தோல் இயக்கக் கணிப்பு மையம்’ என்று பலகை மாட்டியிருந்த அந்த மாடிக் கட்டடத்துக்கு அக்பர் பாஷா போன முதல் நாள், செருப்பைக் கழற்றுவதில் அவருக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. அவர் கண் எந்நேரமும் செருப்பின் மேல்தான் இருந்தது. எதிரில் நிற்பவரின் முகம் தெரிய வேண்டுமென்றால் அவர் நாலடி பின்னால் போய், இடுப்பை வளைத்து, உடம்பையே மல்லாத்த வேண்டும். அதைப் பார்த்து யாராவது சிரித்துவிடுவார்கள் என்று அவர் அந்த வித்தையைக் காட்டுவதில்லை. ஆட்களைக் கால் விரல்களை வைத்தே அடையாளம் தெரிந்துகொள்ளப் பழகியிருந்தார்.

போன வருஷம்வரை அவர் பக்கத்து வார்ப்பட ஆலையில் கிரேனுக்குச் சிக்னல் கொடுத்துக்கொண்டிருந்தார். கிரேனை ஓட்டியவன் திம்மராயன், பாகலூர்ப் பக்கத்து ஆள். வீட்டில் தெலுங்கு, டீக்கடையில் கன்னடம், அக்பர் பாஷாவிடம் தமிழ் என்று நாக்கை மூன்றாக மடித்து வைத்திருந்தான். அந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம்தான். கிரேன்காரன் கண் சிக்னல்காரன் கையில் இருக்க வேண்டும், சிக்னல்காரன் கண் கொக்கியில் இருக்க வேண்டும். இவர் கையைத் தூக்கினால் அவன் தூக்குவான், இவர் முஷ்டியை மடக்கினால் அவன் நிறுத்துவான். இருவருக்குள்ளும் பல வருஷமாக ஒரு பேச்சும் இல்லாமலே எத்தனையோ டன் இரும்பு மேலே போய்க் கீழே இறங்கியிருக்கிறது.

ஒரு மழைநாளில் கூரையிலிருந்து கொட்டிய தண்ணீர் சூடான வார்ப்பின் மேல் விழுந்தது. சீறி எழுந்த ஆவி அவர் மோவாயையும் கழுத்தையும் பிடித்துக்கொண்டது. புண் ஆறியது. ஆறிய தோல் சுருங்கிச் சுருங்கி, மோவாயை நெஞ்சோடு இழுத்துக் கட்டிவிட்டது. கொக்கியைப் பார்க்க முடியாத சிக்னல்காரனை வைத்துக்கொண்டு ஆலை என்ன செய்யும்? வாசலில் இருந்த குரோட்டன்ஸ் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். பொங்கல்வரைக்கும் அவர் இடத்தை யாருக்கும் நிரந்தரமாகக் கொடுக்காமல் வைத்திருப்பதாகவும், அதற்குள் தலை நிமிராவிட்டால் தன் தங்கை மகனுக்குப் போட்டுவிடுவதாகவும் பர்சனல் மேனேஜர் சொல்லிவிட்டார். அந்தத் தங்கை மகன் ஏற்கெனவே தற்காலிகமாக அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தான். இடது கை எது வலது கை எது என்பதில் அவனுக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை.

அக்பர் பாஷாவின் மனைவி காத்தூனுக்கு வேலையைவிட வேறொன்று பெரிய துக்கமாக இருந்தது. நோன்பு முடிகிற அன்று தெருவே மாடியேறிப் பிறை பார்த்தபோது, இவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு, “எந்தப் பக்கம் தெரியுது?” என்று கேட்டார். காத்தூன் கீழே இறங்கிப் போய் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, டாக்டரைப் பார்த்தே தீர வேண்டும் என்று ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் ஜோதிமணி சேலத்திலிருந்து வாரத்துக்கொரு நாள் வந்து போகிற பிளாஸ்டிக் சர்ஜன். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். சுருங்கிய தோலை வெட்டி விடுவித்து, தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்துத் தைத்தால் தலை நிமிர்ந்துவிடும் என்று காய்கறிக்காரரிடம் விலை கேட்கிற சாதாரணக் குரலில் சொன்னார். ஆனால் மேலிடத்து உத்தரவு ஒன்று புதிதாக வந்திருந்தது. காப்பீட்டில் வரும் தொழிலாளிக்குச் சுருங்கிய தோலை வெட்டுவதானால், முதலில் மையத்தின் கம்ப்யூட்டர் அதைத் திரையில் வெட்டிப் பார்த்து, தைத்துப் பார்த்து, சரி என்று சான்று தர வேண்டும்.

“அவங்க திரையில ஒரு தையல் போடறதுக்குள்ள நான் நிஜத்துல ஒம்போது பேரைத் தெச்சு அனுப்பிடுவேன்,” என்றார் டாக்டர். “இருந்தாலும் போய்ட்டு வந்துடுங்க. உத்தரவாச்சே.”

இப்படித்தான் அக்பர் பாஷா மையத்துக்கு வந்து சேர்ந்தார்.

மையத்தின் இயக்குநர் முனைவர் பரமசிவத்துக்கு அவரைக் கண்டதும் பிடித்துப்போய்விட்டது. உள்ளே வந்த நிமிஷத்திலிருந்து தலையைத் தூக்காமல் நிற்கும் ஒரு மனிதரை அவர் தன் பதவிக் காலத்தில் பார்த்ததே இல்லை. உதவியாளர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். மரியாதை என்றால் இது, நீங்களும் இருக்கிறீர்களே என்றார். அக்பர் பாஷா தன் தலை அப்படி இருப்பதற்குக் காரணம் வேறு என்று மெல்ல ஆரம்பித்தார். அடக்கம் வேறு இருக்கிறதே என்று இயக்குநர் இன்னும் உருகிப்போனார்.

பிறகு தோல் என்றால் என்ன என்று விளக்கினார். தோல் என்பது தோல் அல்ல. அது முக்கோணங்கள். கழுத்தைக் கம்ப்யூட்டர் சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பிரித்துக்கொள்ளும். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு ஸ்பிரிங் இருப்பதாக வைத்துக்கொள்ளும். எந்த இடத்தில் வெட்டினால் எந்த ஸ்பிரிங் எவ்வளவு இழுக்கும், தைத்தால் எங்கே சுருங்கும், எங்கே கிழியும் என்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்லிவிடும். இதில் பொய்யொன்றும் இல்லை, கேட்பதற்கு அருமையாகத்தான் இருந்தது. அக்பர் பாஷாவுக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

“இந்த மையம் ஆரம்பிச்ச நாளிலிருந்து நாங்க அனுமதிச்ச அறுவை சிகிச்சையில ஒண்ணுகூடத் தோத்துப் போனதில்லை,” என்றார் இயக்குநர்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர் காவேரிப்பட்டினத்து வெல்ல வியாபாரி அப்துல் சலாம், பாகு கொட்டி விரல்கள் ஒட்டிப்போனவர். மையம் இதுவரை ஒரு அறுவையையும் அனுமதித்ததில்லை என்று அவர்தான் சொன்னார். தோற்க வழியில்லைதானே.

அளவெடுப்பு தொடங்கியது. ஒரு சின்ன ரப்பர்க் கிண்ணத்தைக் கழுத்தில் ஒட்டி, காற்றை உறிஞ்சி, தோல் எவ்வளவு எழும்புகிறது என்று பார்த்தார்கள். எழும்பவில்லை. எழும்பாத தோலுக்குக் கம்ப்யூட்டரில் இடமில்லை என்பதால், இயக்குநரின் கன்னத்தில் எடுத்து வைத்திருந்த அளவையே இவர் கழுத்துக்கும் போட்டார்கள். இயக்குநரின் கன்னம்தான் அங்கே நியமத் தோல். அது நன்றாகச் சாப்பிட்ட கன்னம், எப்படி இழுத்தாலும் வரும்.

கணக்கு ஓட ஆரம்பித்தால் நாள் முழுக்க ஓடும். நெஞ்சிலிருந்து ஆரம்பித்து முக்கோணம் முக்கோணமாக மேலே ஏறி, மோவாய்க்கு வந்து சேருகிற நேரத்தில் கரண்ட் போய்விடும். மறுபடி நெஞ்சிலிருந்து. பேட்டரி இருந்தது, ஆனால் அது குளிர்சாதனத்துக்கு. கணக்கு நின்றால் மறுபடி போட்டுக்கொள்ளலாம், அதிகாரிக்கு வியர்த்தால் என்ன செய்வது? உதவியாளர்கள் பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்து சேர உச்சிப் பொழுதாகும். அத்திப்பள்ளியில் நெரிசல் ஆரம்பிப்பதற்குள் திரும்பிப் போக வேண்டும் என்பதால் டீ குடித்ததும் கிளம்பிவிடுவார்கள். நடுவில் கிடைத்த நேரத்தில் முக்கோணம் நூறு போதுமா, ஆயிரம் வேண்டுமா என்று குழு கூடியது. ஆயிரம் என்றால் மதிப்பாக இருக்கும் என்று முடிவாயிற்று.

ஒருநாள் உண்மையிலேயே கரண்ட் போகவில்லை. திரையில் பச்சைக் கோடுகளால் ஆன ஒரு கழுத்து, வெட்டுப்பட்டு, தையல் போட்டுக்கொண்டு, மெதுவாக நிமிர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். லட்டு வந்தது. அக்பர் பாஷாவுக்கும் ஒரு லட்டைக் கொடுத்து, அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று வாழ்த்தினார்கள். லட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர், தன் கழுத்துக்கு எப்போது என்று கேட்டார். நல்ல நாளில் இப்படியெல்லாம் கேட்பார்களா?

அது வெள்ளோட்டம்தான், இயக்குநரின் கன்னத்தை வைத்துப் போட்ட கணக்கு, சான்றுக்கு உங்கள் கழுத்தையே படமெடுக்க வேண்டும், அதற்கு வெளிநாட்டுப் படக்கருவி வந்திருக்கிறது, ஆயுத பூஜை முடிந்ததும் முதல் படம் உங்களுடையதுதான் என்றார்கள். அக்பர் பாஷா ஆயுத பூஜைக்குக் காத்திருந்தார்.

பூஜை அமர்க்களமாக நடந்தது. கம்ப்யூட்டருக்கு மாலை, விசைப்பலகைக்குக் கதம்பம், படக்கருவியின் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம், வாசலில் பூசணிக்காய். படக்கருவிக்கு நடுவில் வட்டமாக ஒரு கண்ணாடி இருந்தது. அதுதான் நெற்றி என்று பட்டிருக்கிறது அர்ச்சகருக்கு. பட்டையாகச் சந்தனம் வைத்து, நடுவில் கெட்டியாக ஒரு குங்குமப் பொட்டும் வைத்துவிட்டுத் தட்சிணை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் அதைத் துடைக்க ஆளில்லை. பூஜைக் குங்குமத்தை யார் துடைப்பது? அதுவும் தவிர அந்தக் கண்ணாடியைத் தொட வருஷத்துக்கொருமுறை வரும் கம்பெனி இன்ஜினியருக்கு மட்டும்தான் அதிகாரம். அர்ச்சகர் தொட்டது வேறு விஷயம், அவர் ஊழியர் இல்லை.

அந்தக் கண்ணாடி வழியாக அக்பர் பாஷாவின் கழுத்தைப் படமெடுத்தார்கள். கழுத்தின் நடுவில் இரும்பு மாதிரிக் கடினமான ஒரு சிவப்புத் திட்டு இருப்பதாகக் கம்ப்யூட்டர் சொன்னது. ஸ்பிரிங்குகள் எல்லாம் அந்த இடத்துக்கு வந்ததும் விறைத்துக்கொண்டன. எப்படி வெட்டினாலும் அங்கே கிழிந்தது. இந்தத் தலை பன்னிரண்டு டிகிரிக்கு மேல் எந்தக் காலத்திலும் நிமிராது, நிமிர்த்தினால் தோல் கிழியும் என்று முடிவு வந்தது.

படுத்திருந்தபோது கண்ணாடி முகத்துக்கு நேராக வந்ததால் அக்பர் பாஷா அந்தப் பொட்டைப் பார்த்திருந்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“சார், தப்பா நெனைக்காதீங்க. அந்தக் கண்ணாடியில குங்குமம் இருக்குதுங்க.”

இயக்குநர் அவரை அன்போடு பார்த்தார். “பாஷா, நம்பிக்கை வேற, விஞ்ஞானம் வேற. ரெண்டையும் கலக்கக்கூடாது,” என்றார்.

அடுத்து வந்த நோயாளிகளுக்கும் அதே திட்டு இருந்தது. அப்துல் சலாமுக்கு விரலில், காது அறுந்தவருக்குக் காதில். இயக்குநரின் கன்னத்தை மறுபடி படமெடுத்தபோது அங்கேயும் இருந்தது. வேறொரு மனிதராக இருந்தால் சந்தேகம் வந்திருக்கும். பரமசிவம் அந்த ரகம் இல்லை. இந்த எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு புதிய தோல் நோயைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்து, அதற்கு ‘ஓசூர் கடினத் திட்டு’ என்று பெயரும் வைத்தார். வெளிநாட்டு மாநாட்டில் கட்டுரை படிக்கப் பயண அனுமதி கேட்டு எழுதினார். ஊழியர் கூட்டத்தில் நீண்ட நேரம் பேசினார். தொட்டால் தட்டுப்படாது, கண்ணுக்குத் தெரியாது, நோயாளிக்கே தெரியாது என்பதுதான் இந்த நோயின் முதல் அறிகுறி என்றார். நோயாளி சொல்வதைக் கேட்டு நடந்தால் பிறகு மையம் எதற்கு, நான் எதற்கு என்றும் கேட்டார். நல்ல கேள்விதான்.

சான்று கிடையாது என்ற முடிவை எடுத்துக்கொண்டு அக்பர் பாஷா டாக்டரிடம் போனபோது அவருக்கு நெஞ்சே விட்டுப்போயிருந்தது. பொங்கலுக்கு அதிக நாள் இல்லை. டாக்டர் ஜோதிமணி மையத்தின் அறிக்கையை வாசித்தார். ஓரிடத்தில் நிறுத்தி, மறுபடி வாசித்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு நர்ஸைக் கூப்பிட்டு ஆப்பரேஷன் தியேட்டர் எப்போது காலி என்று கேட்டார்.

“சுருங்குன தோலை வெட்டத்தாங்க மையத்துச் சான்று வேணும்,” என்றார். “இவங்களே கழுத்துல கடினத் திட்டு இருக்குதுன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. திட்டுன்னா கட்டிதானே. கட்டி எடுக்க யார் சான்றும் வேண்டாம். கட்டியைத் தேடறப்போ கை கொஞ்சம் அங்க இங்க போகும், அவ்வளவுதான்.”

கட்டியைத் தேடி நன்றாகவே தேடினார். கிடைக்கவில்லை. தேடிய இடத்தில் சுருக்கத்தை விடுவித்து, தொடைத் தோலை வைத்துத் தைத்து, கழுத்துக்குப் பட்டை போட்டு அனுப்பினார். பட்டையை அவிழ்த்த நாளில் அக்பர் பாஷா வீட்டுக் கூடத்தில் நின்று தலையைத் தூக்கினார். எதிரில் காத்தூன் நின்றாள். ஒரு வருஷத்துக்கு மேலாக அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“போதும், அப்புடிப் பாக்காதீங்க. அடுப்புல பால் வெச்சிருக்கேன்,” என்றாள் காத்தூன். ஆனால் அடுப்புப் பக்கம் போகவில்லை.

மறுநாள் நிமிர்ந்த தலையோடு பர்சனல் மேனேஜரிடம் போனார். மேனேஜர் பார்த்தார், மகிழ்ச்சி என்றார். ஆனால் சிக்னல்காரர் இடத்தைத் தர முடியாது என்றார். மையத்தின் முடிவு ஆலைக்கும் வந்திருக்கிறது, தலை நிமிராது என்று அதில் இருக்கிறது.

“நிமிந்துதானே சார் நின்னுக்கினு இருக்கேன்?” என்றார் அக்பர் பாஷா.

“தெரியுது. நான் என்ன குருடனா? ஆனா நான் கண்ணால பாத்து வேலை குடுத்தா நாளைக்கு ஆடிட்ல என்னைக் கேப்பாங்க. மையத்துல மாத்தி வாங்கிட்டு வாங்க.”

மையத்தில் மறுபடி படமெடுத்தார்கள். திட்டு அங்கேயே இருந்தது, பன்னிரண்டு டிகிரியும் அங்கேயே இருந்தது. இயக்குநருக்கு அவரை இந்தக் கோலத்தில் பார்க்க மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. முன்பிருந்த மரியாதை போய்விட்டதே என்று உதவியாளரிடம் குறைப்பட்டுக்கொண்டார். பிறகு அக்பர் பாஷாவுக்கு ஆறுதல் சொன்னார். நீங்கள் நிமிர்ந்திருப்பது ஒரு தற்காலிகப் பிழை, கொஞ்ச நாளில் படத்துக்கு ஒத்து வந்துவிடும், கவலைப்படாதீர்கள் என்றார்.

அக்பர் பாஷா நிமிர்ந்த தலையோடு குரோட்டன்ஸ் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்.

மார்கழி கடைசியில் மையத்துக்குப் புதிய கம்ப்யூட்டர் வந்தது. திட்டைக் கண்டுபிடித்ததற்கு மேலிடம் மகிழ்ந்து கொடுத்தது. லாரியில் வந்த மரப்பெட்டி ஒரு சின்ன வீடு அளவு இருந்தது. மாடிப்படியின் திருப்பத்தில் அது திரும்பாது என்பதைப் பெட்டி வந்த பிறகுதான் அளந்தார்கள். தோலை அளக்கிற மையம், படியை அளக்கவில்லை. கடைசியில் மாடியின் பெரிய ஜன்னலைச் சுவரோடு பெயர்த்துவிட்டு, பக்கத்து ஆலையின் கிரேனை இரவல் கேட்டார் இயக்குநர். மேனேஜர் பெருமையாகக் கிரேனோடு தானும் வந்தார்.

கிரேன் வந்தது, திம்மராயன் வந்தான், சிக்னல் கொடுக்க ஆளில்லை. தங்கை மகன் மாலை போட்டுச் சபரிமலை போயிருந்தான். வேறு யாராவது கையைக் காட்டட்டும் என்றார் மேனேஜர். திம்மராயன் லிவரிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

“பாஷாண்ணன் கை இல்லாம நான் தூக்க மாட்டேன் சார். பெட்டி உடைஞ்சா என் தலைமேலதான் வரும்.”

செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவரைக் கூட்டி வந்தார்கள். அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து, சுற்றி நின்றவர்களை விலகச் சொல்லிவிட்டு, கையைத் தூக்கினார். பெட்டி லாரியை விட்டு எழும்பியது. இடுப்பளவு, நெஞ்சளவு, தலைக்குமேல் சற்று. அந்த இடத்தில் அக்பர் பாஷா முஷ்டியை மடக்கினார். பெட்டி நின்றது. அவர் தலை மெதுவாகக் குனிந்து, மோவாய் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

இயக்குநர் ஓடி வந்தார். ஏன் நிறுத்தினீர்கள் என்றார்.

“இதுக்கு மேல தெரியாதுங்க சார். பன்னெண்டு டிகிரிதான் நிமிரும்.”

காற்று அடித்தது. பெட்டி கயிற்றில் ஒரு சுற்றுத் திரும்பி, மறுபடி திரும்பி வந்தது. மேலே பாருங்கள் என்று இயக்குநர் கெஞ்சினார். கிழிந்துவிடும் என்று சார்தான் சொல்லியிருக்கிறீர்கள் என்று இவர் தரையைப் பார்த்துக்கொண்டு பணிவாகச் சொன்னார். மேனேஜர் திம்மராயனைப் பார்த்துத் தூக்கு என்று கத்தினார். திம்மராயன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவன் கண் மடங்கிய முஷ்டியில் இருந்தது. பெட்டி இன்னொரு சுற்றுச் சுற்றி, சுவரின் ஓரத்தை லேசாகத் தொட்டது. கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. இயக்குநரின் நியமக் கன்னம் வெளுத்துவிட்டது.

“கம்ப்யூட்டர் ஆயிரம் சொல்லும்யா! உன் கழுத்து நிமிருது, நான் என் ரெண்டு கண்ணால பாத்திருக்கேன்!”

அக்பர் பாஷா குனிந்தபடியே, “மேனேஜர் சாருக்குக் கேட்டுச்சுங்களா?” என்றார்.

மேனேஜர், கேட்டது, ஆனால் எழுத்தில் இருந்தால் ஆடிட்டுக்கு நல்லது என்று இழுத்தார். இயக்குநர் பாக்கெட்டில் துழாவினார். மாநாட்டில் வாசிப்பதற்காக வைத்திருந்த கட்டுரைதான் கையில் அகப்பட்டது. அதன் பின்பக்கத்தில், இன்னாரின் தலை முழுவதும் நிமிரும், வேலைக்குத் தகுதி உண்டு என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, மேனேஜர் கையில் திணித்தார். மேனேஜர் ஒருமுறைக்கு இருமுறை வாசித்துவிட்டு, மடித்துப் பைக்குள் வைத்தார்.

“பாஷா,” என்றார். “நாளைக்கு முதல் ஷிப்டுக்கு வந்துடுங்க. உங்க இடம் உங்களுக்குத்தான். என்ன, சரிதானே?”

அக்பர் பாஷா தலையை நிமிர்த்தினார். கழுத்தின் புதுத்தோல் வெயிலில் தெரிய, முழுவதும் நிமிர்த்திக் கொக்கியைப் பார்த்தார். முஷ்டி விரிந்து, கை மேலே போனது. கிரேன் முனகியது, பெட்டி ஏறியது.

சரிதானே என்று மேனேஜர் மறுபடி கேட்டார். சொல்லிவிடுங்களேன் என்றார் இயக்குநர். அக்பர் பாஷா இருவர் பக்கமும் திரும்பவில்லை. பெட்டி இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது. அது மாடித் தரையில் போய் உட்காரும்வரை இரண்டு அதிகாரிகளும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.